கார்பனைக் குறைக்க ஆலைகளுக்கு மானியம்: பழனி மலை கேட்கும் கணக்கு

2026-27ஆம் ஆண்டுக்கான ஒன்றிய பட்ஜெட் 2026 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்டபோது, அதில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றது. மின் உற்பத்தி, இரும்பு எஃகு, சிமெண்ட், எண்ணெய் சுத்திகரிப்பு, இரசாயனம் ஆகிய ஐந்து துறைகளின் ஆலைகளில் புகைபோக்கி வழியே வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து, அதை வேறு பொருளாக மாற்றவோ பூமிக்கடியில் சேமிக்கவோ உதவும் தொழில்நுட்பத்துக்கு அடுத்த 5 ஆண்டுகளில் ரூ.20,000 கோடி ஒதுக்கப்படும் என்பதே அந்த அறிவிப்பு.

வருமான வரி, விலைவாசி பற்றிய பேச்சுக்கிடையே இது நம் வீடுகளில் பெரிதாகப் பேசப்படவில்லை. பெரிய ஆலைகளுக்கும் அரசுக்கும் இடையிலான விஷயம், நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பணம் நம்முடையது. சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் ஏழையும் பணக்காரனும் ஒரே விகிதத்தில் கட்டும் ஜி.எஸ்.டி.யும் அந்த நிதியில் இருக்கிறது. அரசுக் கருவூலம் என்பது ஆட்சியாளர்களின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது யாருக்கு, எதற்கு, எந்த நிபந்தனையில் தரப்படுகிறது என்று கேட்பது குடிமக்களின் கடமை.

இந்தக் கேள்வியைப் பழனி மலையை வைத்துக் கேட்பதே பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறோம். கோடை விடுமுறை என்றால் நம் குடும்பங்கள் வேன் பிடித்துக் கிளம்பும் கொடைக்கானல் அந்த மலையில்தான் இருக்கிறது. தொழில் வளர்ச்சிக்கு அரசு கைகொடுத்தபோது என்ன நடந்தது, ஆலை மூடிவிட்டுப் போன பிறகு என்ன மிஞ்சியது, மாசுக்கு யார் பணம் கட்டினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் விடை இருக்கிறது.

எதற்காக இந்த மானியம்?

முதலில் அரசுத் தரப்பு நியாயத்தைப் பார்த்துவிடுவோம். வீட்டு விளக்கையும் ஸ்கூட்டரையும் மின்சாரத்துக்கும் சூரிய ஒளிக்கும் மாற்றுவது ஓரளவு எளிது. சிமெண்ட் ஆலையை அப்படி மாற்ற முடியாது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறும். சிமெண்ட் தயாரிப்பில் உண்டாகும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். நிலக்கரியிலிருந்து வருவது மீதிதான். எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பாதி அப்படியே இருக்கும். கரூர் எல்லையை ஒட்டி, திண்டுக்கல் மாவட்டம் கரிக்காலியில் உள்ள சிமெண்ட் ஆலைக்கும், அரியலூர் ஆலைகளுக்கும் இது பொருந்தும்.

எஃகும் அப்படித்தான். இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க நிலக்கரி வேண்டும். உலக சராசரியாக ஒரு டன் எஃகுக்குச் சுமார் 1.9 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. இந்தியாவில் அது சுமார் 2.5 டன். நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைப் பயன்படுத்த முடியும் என்றாலும் செலவு மிக அதிகம்.

இதற்கிடையே 2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி 1 முதல் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் போன்றவற்றின் இறக்குமதிக்குக் கார்பன் எல்லை வரி முறையைக் கொண்டுவந்துவிட்டது. அதிகப் புகைவிட்டுத் தயாரித்த எஃகு அங்கே விலை போகாது. எனவே ஆலைகள் மாறியாக வேண்டும், தனியாக மாற அவற்றால் முடியாது, அரசு உதவ வேண்டும் என்பது வாதம்.

இந்த அடிப்படையில் ஏற்கெனவே சில திட்டங்கள் நடப்பில் உள்ளன. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ரூ.19,744 கோடி. அதில் எஃகுத் துறையின் முன்னோடித் திட்டங்களுக்கு ரூ.455 கோடி. 2025 அக்டோபரில் அலுமினியம், சிமெண்ட், காஸ்டிக் சோடா வகை, காகிதம் ஆகிய நான்கு துறைகளின் ஆலைகளுக்கு உமிழ்வு இலக்கு அறிவிக்கப்பட்டது. இலக்கைத் தாண்டிக் குறைத்த ஆலை தன் மிச்சத்தைச் சான்றிதழாக விற்கலாம். குறைக்காத ஆலை அதை வாங்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2025 ஜூலையில் ‘அடீட்டி’ என்ற பெயரில் ரூ.1,000 கோடித் திட்டம் தொடங்கப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அரசு தொழிலுக்கு உதவிய பழைய கதைகளைப் படித்தால்தான் எங்கே கசிவு ஏற்படும் என்று தெரியும்.

தோலுக்காக நடப்பட்ட காடு

கொடைக்கானலில் பைன் காட்டில் நின்று படம் எடுக்காத குடும்பம் இருக்காது. அந்த மரங்கள் அந்த மலைக்குச் சொந்தமானவை அல்ல. பழனி மலையின் உச்சிப் பகுதி இயற்கையில் பரந்த புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்த சோலைக் காடுகளும் கொண்டது. மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து, கோடையிலும் ஓடைகளில் விடுவது அந்தப் புல்வெளியும் சோலையும்தான்.

நாடு விடுதலை பெற்ற பின் வந்த பத்தாண்டுகளில் தொழில் வளர்ச்சியே முதல் இலக்காக இருந்தது. தோல் பதனிட வாட்டில் மரப்பட்டை வேண்டும். அதுவரை அது வெளிநாட்டிலிருந்து வந்தது. செயற்கைப் பட்டு நூலுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் வேண்டும். எனவே நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளை ‘வெற்று நிலம்’ என்று கணக்கில் எழுதி, ஆஸ்திரேலியாவின் வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும் தைல மரத்தையும், கூடவே பைனையும் வனத்துறை நட்டது. நட்டதும் வளர்த்ததும் அரசுச் செலவு. பட்டையும் கட்டையும் சலுகை விலையில் ஆலைகளுக்குப் போயின. மானியம் என்ற பெயர் சூட்டப்படாவிட்டாலும் அது மானியம்தான்.

விளைவு என்ன? 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதைக் கண்டறிந்து 2018இல் வெளியிட்டார்கள். அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்தவை இந்த மரத்தோட்டங்களும் விவசாயமும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்தப் புல்வெளியில்தான் வாழும். கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்து 2030.

தொழிற்சாலைகளுக்குச் சலுகை விலையில் வனப்பொருள் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே கூறியது. ஆனால் நட்ட சீகை, வெட்டிய இடத்தில் மீண்டும் முளைத்துப் பக்கத்துச் சோலைக்கும் பரவியது. இப்போது அந்நிய மரங்களை அகற்ற நீதிமன்ற உத்தரவுகளும், 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட தனிக் கொள்கையும் இருக்கின்றன. அதாவது நடுவதற்கும் அரசுப் பணம், பிடுங்குவதற்கும் அரசுப் பணம். இடையில் இலாபம் பார்த்தவர்கள் கணக்கில் இல்லை.

நீரும் புல்வெளியும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொதுவானவை என்ற கருத்திலான நபிமொழியை நாம் ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். பழனி மலையில் போனது நீரும் புல்வெளியும்தான். அடிவாரத்தில் பெரியகுளம் குடிப்பது பேரிஜம் ஏரித் தண்ணீர். பழனி நகரம் நம்பியிருப்பதும் மலையிலிருந்து வரும் நீரைத்தான். மலை வறண்டால் ஊர்கள் வறளும்.

பாதரசம் விட்டுச் சென்ற பாடம்

இரண்டாவது கதை பலருக்கும் தெரிந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களின் முற்பகுதியில் அங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டு, கொடைக்கானலில் பாண்ட்ஸ் நிறுவனத்தால் நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. தயாரிப்பில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே ஏற்றுமதியானது. ஆலை நின்ற இடம் பாம்பாறு சோலைக்கு மேலே. அங்கிருந்து வழியும் நீர் கும்பக்கரை அருவி வழியாக வைகையில் சேர்கிறது.

2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பல டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் திறந்த நிலையில் கிடப்பதை ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தனர். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவும் பொருட்களுமாகச் சுமார் 290 டன் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. பணக்கார நாட்டின் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். அது திரும்பிப் போனது அபூர்வம்.

ஆனால் தொழிலாளர்களின் வழக்கு நீண்டது. தங்கள் சிறுநீரகக் கோளாறுக்கும் நரம்புப் பாதிப்புக்கும் பாதரசமே காரணம் என்று அவர்கள் கூறினார்கள். வேலையால் எவருக்கும் உடல்நலக் கேடு ஏற்படவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய பாடல் காணொளி உலகெங்கும் பரவிய பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் மற்றும் வாரிசுகளுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடி 15 ஆண்டுகள் கழித்து! மண்ணைச் சுத்தம் செய்வதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலை வைத்தார்கள். குடியிருப்பும் சோலையும் உள்ள இடத்துக்கு இது மிகத் தளர்வான அளவு என்று சூழலியலாளர்கள் எதிர்த்தனர்.

இன்றைய மானியத் திட்டத்துக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. புதிய தொழில்நுட்பம் என்று வரும் எதற்கும் பின்விளைவு உண்டு. பிடிக்கப்பட்ட கரியமில வாயுவைக் குழாயில் கொண்டுபோய்ப் பாறை அடுக்குகளுக்குள் செலுத்தினால், அது அங்கேயே பல நூறு ஆண்டுகள் இருக்க வேண்டும். கசிந்தால் யார் பொறுப்பு? நிறுவனம் கை மாறினால் அல்லது மூடிவிட்டால் யார் கண்காணிப்பார்கள்? மானியத்தைக் கொடுப்பதற்கு முன்பே இதற்குச் சட்டத்தில் விடை எழுதப்பட வேண்டும். ஆலையைப் பூட்டிய பிறகு கேட்டால் 15 ஆண்டுகள் ஆகும் என்பதைக் கொடைக்கானல் காட்டிவிட்டது.

தோல் ஷாப்களும் நம் பொறுப்பும்

மூன்றாவது கதை நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமானது, கொஞ்சம் கசப்பானதும்கூட. மலையில் சீகை மரம் நடப்பட்டது தோல் பதனிடும் தொழிலுக்காக என்றோம். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி முதல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வரை அந்தத் தொழிலில் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் நம் மக்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் அந்த வருமானத்தில் எழுந்துள்ளன. அதே தொழிலின் கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கியதும் உண்மை.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டத் தோல் ஷாப்களுக்கு அது பொருந்தியது. தோல் ஷாப்கள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டதாகக் கூறிய ஆய்வு அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே இழப்பீடும் தர வேண்டும், கெட்ட நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன முக்கியமான தீர்ப்பு அது.

பயன் யாருக்குச் செல்கிறதோ, இழப்பின் பொறுப்பும் அவரையே சேரும் என்பது மத்ரஸாக்களில் ஃபிக்ஹ் பயில்வோர் கற்கும் அடிப்படை விதிகளில் ஒன்று. உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே நீதிதான்.

அந்தக் காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட ஒன்றிய, மாநில அரசுகள் மானியம் கொடுத்தன. சிறிய தோல் ஷாப்களால் தனியாகக் கட்ட முடியாது என்பதால் அது நியாயமான உதவி. ஆனால் கட்டடம் எழுந்ததும் பணம் கொடுத்தவர்கள் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். அன்றாடம் நடத்தும் செலவு, சேறு போட இடம், கண்காணிப்பு ஆகியவை பின்தங்கின. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த ஏழைகள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பளிக்க வேண்டிய நிலை வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

இயந்திரம் வாங்கப் பணம் கொடுத்துவிட்டு, அந்த இயந்திரம் ஓடுகிறதா என்று பார்க்காத மானியத்தின் கதி இதுதான். புகைபோக்கியில் பொருத்தப்படும் கருவிக்கும் நாளை இதே நிலை வரலாம். கரியமில வாயுவைப் பிடிக்கும் கருவியை ஓட்ட நிறைய வெப்பமும் மின்சாரமும் வேண்டும். ஆய்வுக்கு வரும் நாளில் ஓட்டிவிட்டு மற்ற நாளில் நிறுத்தி வைக்கும் ஆசை எந்த முதலாளிக்கும் வரும்.

வெளியிலிருந்து இரண்டு காட்சிகள்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள போர்ட் டால்பட் எஃகு ஆலை நம் நாட்டின் டாடா குழுமத்துக்குச் சொந்தமானது. நிலக்கரி உலைகளை மூடிவிட்டு, பழைய இரும்பை உருக்கும் மின் உலை அமைக்க பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு வரை தர 2023 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. மொத்தத் திட்டச் செலவு 125 கோடி பவுண்டு. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி உலை அணைந்தது. புதிய உலை 2027 இறுதி அல்லது 2028 தொடக்கத்தில்தான் எரியும். ஏறத்தாழ 2,800 வேலைகள் போகும் என்று நிறுவனமே அறிவித்திருந்தது. புகை குறைவது உண்மை. ஆனால் அரசுப் பணம் உலைக்குப் போனது போலத் தொழிலாளியின் வீட்டுக்குப் போகவில்லை என்பது தொழிற்சங்கங்களின் குறை.

ஜெர்மனியில் வேறு கதை. ஆர்செலர் மிட்டல் நிறுவனத்தின் இரண்டு ஆலைகளுக்கு அந்நாட்டு அரசு 130 கோடி யூரோ மானியம் ஒதுக்கியிருந்தது. 2025 ஜூனில் அந்த நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்து, மானியம் இருந்தாலும் கட்டுப்படியாகாது என்று திட்டத்தையே கைவிட்டது.

இவற்றுக்கு மாறாக நம் தூத்துக்குடியில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் 2016இல், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து சோடா உப்பாக மாற்றும் அமைப்பு நிறுவப்பட்டது. அரசு மானியம் இல்லாமலேயே நடந்தது என்பதற்காக உலக ஊடகங்கள் அதைக் கவனித்தன. சோடா உப்பு தயாரிக்க அந்த ஆலைக்கு எப்படியும் கரியமில வாயு தேவை. வெளியே விலைக்கு வாங்குவதைவிடத் தன் புகையிலிருந்தே எடுப்பது மலிவாக இருந்தது. கணக்கு நேர்ந்தால் தொழில்காரர் தாமாகவே மாறுவார் என்பதற்கு இது சான்று. எங்கே கணக்கு நேராதோ அங்கே மட்டுமே அரசுப் பணம் தேவை. நேரும் இடத்திலும் கொடுத்தால் அது வீண்விரயம்.

எண்ணிக்கையில் ஒளிந்திருக்கும் சிக்கல்

நம் நாட்டின் இலக்குகள் பெரும்பாலும் ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு புகை என்றே வைக்கப்படுகின்றன. மொத்தப் புகைக்கு வரம்பு இல்லை. ஒரு எளிய கணக்கு: ஆண்டுக்கு 15 கோடி டன் எஃகு, டன்னுக்கு 2.5 டன் புகை என்றால் மொத்தம் 37.5 கோடி டன். தேசிய எஃகுக் கொள்கை எதிர்பார்ப்பதுபோல 2030-31இல் உற்பத்தி 25.5 கோடி டன்னாகி, டன்னுக்கு 2.2 ஆகக் குறைந்தாலும் மொத்தம் 56 கோடி டன். அதாவது ‘பசுமை எஃகு’ என்று நட்சத்திரக் குறி வாங்கும் எல்லையை எல்லா ஆலைகளும் தொட்டாலும், வானத்துக்குப் போகும் புகை ஏறத்தாழ பாதி மடங்கு கூடும்.

வளரும் நாட்டுக்கு எஃகும் சிமெண்ட்டும் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. வீடு கட்டாத ஏழையிடம் சிமெண்ட்டைக் குறை என்று சொல்ல முடியாது. நூறாண்டுக்கு மேல் புகைவிட்டுச் செல்வம் சேர்த்த நாடுகள் இன்று எல்லை வரி போடுவதில் உள்ள அநீதியும் நமக்குத் தெரியும். ஆயினும் மானியம் பெறும் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் ‘குறைத்துவிட்டோம்’ என்று எழுதும்போது, எதைக் குறைத்தார்கள் என்று படித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

சிறு தொழில் செய்வோரின் வட்டிச் சிக்கல்

பெரிய ஆலைகளுக்கு நேரடி உதவி கிடைக்கும்போது, சிறு தொழிலுக்கு எந்த வடிவில் வருகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன அடீட்டி திட்டத்தில் குறு, சிறு நிறுவனங்கள் வங்கியில் கடன் வாங்கி ஆற்றல் சிக்கன இயந்திரம் போட்டால், வட்டியில் 5 சதவீதப் புள்ளியை அரசு ஏற்கும். நடுத்தர நிறுவனங்களுக்கு 3. தோல், செங்கல், ஜவுளி, வார்ப்படம், உணவுப் பதப்படுத்தல் என 14 துறைகளுக்கு இது பொருந்தும். குறைந்தது 10 சதவீத ஆற்றல் மிச்சத்தைக் காட்ட வேண்டும்.

நம் மக்கள் அதிகம் இருக்கும் தொழில்கள் இந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் வட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற உறுதியுடன் தொழில் செய்பவருக்கு இந்த உதவி எட்டாது. வட்டியில் ஒரு பகுதியை அரசு கட்டினாலும் மீதி வட்டி அவர் தலையில்தான். அவர் தன் சொந்தச் சேமிப்பில் புதிய கொதிகலன் வாங்கினால் அரசிடமிருந்து ஒரு ரூபாயும் இல்லை. அவரும் அதே வரியைக் கட்டுகிறார். அவர் குறைக்கும் புகையும் அதே புகைதான்.

இதைச் சரிசெய்வது கடினமல்ல. வட்டிச் சலுகைக்குச் சமமான தொகையை, இயந்திரம் பொருத்தி மிச்சம் நிரூபணமான பிறகு, மூலதன மானியமாகக் கொடுக்கலாம். திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது, சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த அன்றைய தமிழ்நாடு அரசு ரூ.200 கோடியை வட்டியில்லாக் கடனாகவே கொடுத்தது. எந்த மதத்தையும் கருதாமல் தொழிலைக் காக்க எடுத்த முடிவு அது. முன்மாதிரி இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடீட்டி திட்டத்தில் ஆற்றல் தணிக்கைக்கும் திட்ட அறிக்கைக்கும் தனி உதவி உண்டு. கடன் வாங்கத் தயங்குவோர் மாவட்டத் தொழில் மையத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம். கொதிகலன், மோட்டார், காற்றழுத்த இயந்திரம் ஆகியவற்றில் எங்கே மின்சாரமும் விறகும் வீணாகின்றன என்று தெரிந்தாலே கணிசமான செலவு மிச்சமாகும்.

நாம் கேட்க வேண்டியவை

மானியமே கூடாது என்பது நம் நிலைப்பாடு அல்ல. யாரும் செய்து பார்க்காத தொழில்நுட்பத்தை முதலில் முயல்பவருக்கும், செய்ய மனமிருந்தும் வசதியில்லாத சிறு தொழில்காரருக்கும் பொது நிதியிலிருந்து கைகொடுப்பது சரியே. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் அதிகம் மாசு செய்தவருக்கு அதிகம் பரிசு என்றாகிறது. எனவே கீழ்க்கண்டவற்றை நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் தொழிற்சங்கங்கள், வணிகர் அமைப்புகள் மூலமாகவும் வலியுறுத்தலாம்.

ஒன்று: கருவி வாங்கியதற்கு அல்ல, குறைத்த டன்னுக்கே பணம். எந்த ஆலை எவ்வளவு பெற்றது, எவ்வளவு குறைத்தது என்பது ஆலை வாரியாக, தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். குறைக்காவிட்டால் பணம் திரும்ப வர வேண்டும்.

இரண்டு: மானியம் பெறும் ஆலையில் வேலை இழப்போருக்குப் பயிற்சியும் ஈட்டுத்தொகையும் மானிய நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிகளும் அதில் அடங்க வேண்டும்.

மூன்று: ஆலை மூடினால் இடத்தைச் சுத்தம் செய்வதற்கான தொகையை முன்கூட்டியே வைப்பாகக் கட்ட வேண்டும். கொடைக்கானலில் அப்படி ஒரு வைப்பு இருந்திருந்தால் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை இவ்வளவு இழுத்திருக்காது.

நான்கு: சிறு தொழிலுக்கு வட்டி சாராத வடிவிலும் உதவி வேண்டும்.

ஐந்து: பழனி மலை போன்ற இடங்களில் அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணிக்கு நிலையான நிதி வேண்டும். கார்பனை மண்ணிலும் வேரிலும் பிடித்து வைக்கும் வேலையை அவை எந்த இயந்திரமும் இல்லாமல் செய்கின்றன. கூடவே தண்ணீரும் தருகின்றன.

இவற்றோடு நம் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. ஆலை அமைக்கும்போதும் விரிவாக்கும்போதும் பல வகைத் தொழில்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. அந்தக் கூட்டங்களில் நம் ஜமாஅத்களிலிருந்து எத்தனை பேர் உட்காருகிறோம்? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, நம் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு மானியம் வந்தது, இன்று அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறோமா? தோல் தொழிலில் இருக்கும் செல்வந்தர்கள், அண்டை வயல்காரரின் கிணற்று நீரைச் சோதித்துப் பார்ப்பதையும் தம் பொறுப்புகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். அந்த வயல்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவர் நம் அண்டை வீட்டாரே.

2030 பல இலக்குகளின் ஆண்டு. எஃகு உற்பத்தி, ஹைட்ரஜன் உற்பத்தி என்று அரசுக் கோப்புகளில் அந்த ஆண்டுக்குப் பெரிய எண்கள் எழுதப்பட்டுள்ளன. அதே ஆண்டில் பழனி மலையில் மிச்சமிருக்கும் புல்வெளியில் குறிஞ்சி பூக்க வேண்டும். ரூ.20,000 கோடியில் எவ்வளவு செலவானது என்று அப்போது அரசு சொல்லும். எவ்வளவு புகை குறைந்தது, யாருடைய வேலை போனது, யாருடைய கிணறு தெளிந்தது என்று கேட்க வேண்டியது நாம்தான். அந்தக் கேள்விகளுக்கான கணக்கை இன்றே எழுதத் தொடங்குவோம்.